பயந்தவன் அடித்தது யாரை?

இந்த மாதப் பாடம் ஒரு கேள்வியில் தொடங்குகிறது. நேற்றுவரை நமக்குப் பின்னால் இருந்த ஒரு நாடு, நம் கண் முன்னாலேயே மளமளவென்று வளர்ந்து நம்மைத் தாண்டிப் போகிறது. நமக்குள் பயம் வருகிறது. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப்போகிறோம்?

"பயப்படாதே" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நம்ம மேடைகளில் அதைத்தான் அடிக்கடி கேட்கிறோம். எனக்கு அதில் அவ்வளவாகத் திருப்தி இல்லை, நண்பர்களே. சில பயங்களுக்கு நியாயமான காரணம் உண்டு. வேலை போய்விடும் என்று பயப்படுகிறவனிடம் போய் வீர வசனம் பேசினால் அவன் வீட்டு வாடகை கட்டின மாதிரி ஆகிவிடாது. அதனால் பயம் சரியா தப்பா என்ற விவாதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, பயந்தவர்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்பதைப் பார்ப்போம்.

எடுத்துக்கொண்ட உதாரணம், 1980-களில் ஜப்பானைப் பார்த்து அமெரிக்கா பயந்த கதை. நான் படிப்பது மின்னணுப் பொறியியல். எங்கள் பாடத்தில் வரும் சிப், தரக் கட்டுப்பாடு எல்லாம் இந்தக் கதைக்குள்தான் இருக்கின்றன. இன்னொரு வசதியும் உண்டு: அந்தக் கதை முடிந்துபோனது. யார் பயந்தது பலித்தது, யார் பயந்தது வீண் என்று இன்று நமக்குத் தெரியும். இப்போது நடந்துகொண்டிருக்கும் பயத்தை எடுத்திருந்தால் வகுப்பு பட்டிமன்றமாகிவிடும்.

முதலில் பின்னணி. 1945-ல் ஜப்பான் நகரங்கள் சாம்பல் மேடு. 1950-ல் எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியல் நிபுணர் அங்கே போய், தயாரிப்பில் வரும் குறைகளை எப்படி எண்ணால் அளந்து குறைப்பது என்று பாடம் நடத்தினார். ஜப்பானியர்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். மறு ஆண்டே அவர் பெயரில் ஒரு விருது ஏற்படுத்தினார்கள். அவருடைய சொந்த நாட்டுத் தொழிற்சாலைகள் அவரைக் கண்டுகொள்ள இன்னும் 30 ஆண்டுகள் ஆயின!

1973-லும் 1979-லும் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் விலை ஏறியது. அமெரிக்கர்கள் பெரிய கார்களை விட்டுவிட்டு, குறைவாகப் பெட்ரோல் குடிக்கும் ஜப்பானியச் சிறிய கார்களுக்கு மாறினார்கள். 1980-ல் ஜப்பான் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் வாகனங்களைத் தயாரித்தது. அமெரிக்கா சுமார் 80 லட்சம். கிரைஸ்லர் நிறுவனம் திவாலாகாமல் இருக்க அரசாங்கமே 150 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுக்க வேண்டி வந்தது. டெட்ராய்ட் வட்டாரத்தில் ஆலை ஆலையாக ஆட்குறைப்பு. தொழிற்சங்கத்தின் கார் நிறுத்துமிடங்களில் வெளிநாட்டுக் கார் வரக்கூடாது என்று பலகை வைத்தார்கள். சம்மட்டியால் ஜப்பானியக் காரை அடித்து நொறுக்குவது ஒரு பொழுதுபோக்காகவே ஆனது.

கார்தானே, போகட்டும் என்று தோன்றும்.

வின்சென்ட் சின் என்ற இளைஞனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வயது 27. சீனாவில் பிறந்து, சிறு வயதிலேயே ஓர் அமெரிக்கச் சீனத் தம்பதியரால் தத்தெடுக்கப்பட்டு, டெட்ராய்ட் வட்டாரத்தில் வளர்ந்தவன். வேலை, கார்த் தொழிலுக்குத் துணை செய்யும் ஒரு பொறியியல் நிறுவனத்தில் வரைபடம் வரைவது. கவனியுங்கள், அவன் சோறு தின்றதும் அதே அமெரிக்கக் கார்த் தொழிலில்தான்.

1982 ஜூன் 19. திருமணத்துக்கு முன் நண்பர்களோடு ஒரு கேளிக்கை விடுதிக்குப் போனான். அங்கே இரண்டு பேரோடு தகராறு. ஒருவர் கிரைஸ்லர் ஆலையில் மேற்பார்வையாளர். இன்னொருவர் அவருடைய மாற்றான் மகன், கார் ஆலை வேலையை இழந்தவர். உங்களால்தான் எங்களுக்கு வேலை இல்லை என்ற பொருளில் அந்த மேற்பார்வையாளர் கத்தியதாக விடுதியில் வேலை செய்த ஒரு பெண் பிறகு சாட்சி சொன்னார். தகராறு வெளியே வந்தும் அடங்கவில்லை. இருவரும் சின்னைத் தேடிப் போய், ஒரு மெக்டோனல்ட்ஸ் கடைக்கு முன்னால் பிடித்து, பேஸ்பால் மட்டையால் அடித்தார்கள். நான்கு நாள் கழித்து அவன் இறந்துபோனான். ஜூன் 28-ல் நடக்கவிருந்த கல்யாணத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் சாவுக்கு வந்தார்கள்.

1983-ல் தீர்ப்பு: மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, ஆளுக்கு 3,000 டாலர் அபராதம். சிறை ஒரு நாள்கூட இல்லை. பிறகு மத்திய அரசு சிவில் உரிமை வழக்குப் போட்டு, மேற்பார்வையாளருக்கு 25 ஆண்டு தண்டனை கிடைத்தது; மேல்முறையீட்டில் அது ரத்தாகி, 1987-ல் மறு விசாரணையில் அவர் விடுதலையானார். இனம் காரணமே இல்லை என்று அவர் மறுத்துக்கொண்டே இருந்தார். வின்சென்ட்டின் தாயார் லில்லி சின் அதே ஆண்டு அமெரிக்காவை விட்டுச் சீனாவுக்கே திரும்பிப் போய்விட்டார்.

பயந்தது ஜப்பானைப் பார்த்து. செத்தது ஒரு சீனன், அதுவும் அமெரிக்கச் சீனன்.

இதைப் படித்தபோது எனக்குக் கம்சன் ஞாபகம் வந்தது. தேவகியின் எட்டாவது குழந்தையால் உனக்குச் சாவு என்று அசரீரி கேட்டதும் அவனுக்குப் பயம். அந்தப் பயத்தில் பொய் இல்லை, அசரீரி சொன்னது அப்படியே பலித்தது. ஆனால் அவன் கையால் செத்தவர்கள் யார்? முதலில் பிறந்த ஆறு குழந்தைகள். அப்புறம் வட்டாரத்தில் இருந்த பச்சிளம் பிள்ளைகளையெல்லாம் கொல்ல ஆள் அனுப்பினான். எட்டாவது மட்டும் ஆயர்பாடியில் வெண்ணெய் தின்றுகொண்டிருந்தது. கிருஷ்ண ஜெயந்திக்கு நாம் வருடா வருடம் இந்தக் கதையைச் சொல்கிறோம். தெய்வம் தப்பித்ததில் நமக்கு இருக்கும் சந்தோஷத்தில், அந்த ஆறு பேரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பயம் எட்டத்தில் இருப்பவனைக் கண்டு வருகிறது. கை எட்டுவதோ பக்கத்தில் இருப்பவனுக்கு. எனக்குப் புரிந்தவரையில் இந்தப் பாடத்தின் மையம் இதுதான்.

அளந்து பார்த்தவர்கள்

அதே அமெரிக்காவில், அதே காலத்தில், பயத்தை வேறு விதமாகக் கையாண்டவர்களும் இருந்தார்கள். இவர்களைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறியியல் மாணவன் என்பதால் மன்னிக்கவும்.

1970-களின் கடைசியில் கணினி நினைவகச் சிப், அதாவது டிராம், தயாரிப்பில் ஜப்பானியர்கள் நுழைந்தார்கள். அவர்கள் சிப் விலை மலிவு, அவ்வளவுதான் என்பது அமெரிக்காவில் பலருடைய நினைப்பு. 1980 மார்ச்சில் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனத்தின் ரிச்சர்ட் ஆண்டர்சன் ஒரு கூட்டத்தில் தன் ஆய்வு முடிவை வெளியிட்டார். மூன்று ஜப்பானிய நிறுவனங்களின் சிப், மூன்று அமெரிக்க நிறுவனங்களின் சிப், எல்லாவற்றையும் ஒரே மாதிரி சோதித்திருந்தார். முதல் 1,000 மணி நேரப் பயன்பாட்டில் ஜப்பானியச் சிப்புகளில் பழுதானவை 0.02 விழுக்காட்டைத் தாண்டவில்லை. அமெரிக்க நிறுவனங்களில் மிகச் சிறந்ததுக்கே 0.09 விழுக்காடு. நான்கு மடங்குக்கும் மேல்!

அந்த எண்ணுக்கு முன்னால் யாரையும் திட்ட முடியாது. அவன் ஏமாற்றுகிறான், அவன் அரசாங்கம் பணம் கொடுக்கிறது, அவனுக்குச் சம்பளம் குறைவு என்ற புகார்களில் உண்மையும் கலந்திருந்தது. அடக்க விலைக்கும் கீழே சந்தையில் கொட்டினார்கள் என்று அமெரிக்க வர்த்தகத் துறையே பிறகு விசாரித்துச் சொன்னது. ஆனால் அதில் எதுவும் ஏன் நம்முடைய சிப் நான்கு மடங்கு கெட்டுப்போகிறது என்ற கேள்விக்குப் பதில் ஆகாது.

திருக்குறளில் 48-வது அதிகாரத்தின் பெயர் வலியறிதல். செய்யப்போகும் வேலையின் வலிமை, நம் வலிமை, எதிரியின் வலிமை, இரு பக்கத்துத் துணைவர்களின் வலிமை என்று நான்கையும் எடைபோடச் சொல்கிறார் வள்ளுவர். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அது அரசனுக்குச் சொன்னது என்று விட்டுவிட்டோம். ஆண்டர்சன் செய்தது அதில் இரண்டை: நம்முடையதையும் அவனுடையதையும் ஒரே மேசையில் வைத்து அளந்தது.

அடுத்து, கலிபோர்னியாவின் ஃபிரீமான்ட் நகரம். அங்கே ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. மோசமான ஆலை என்று பேர் வாங்கியது. தொழிலாளிகள் வேலைக்கு வராமல் மட்டம் போடுவது, நிர்வாகத்தோடு ஓயாத சண்டை, குடித்துவிட்டு வேலை செய்வது எல்லாம் உண்டு. 1982-ல் மூடிவிட்டார்கள். 1984-ல் டொயோத்தாவோடு கூட்டுச் சேர்ந்து அதே ஆலையைத் திறந்தார்கள், நம்மி என்ற பெயரில். வேலைக்கு எடுத்தது யாரை? பெரும்பாலும் அதே பழைய ஆட்களை, அதே தொழிற்சங்கத்தை!

அவர்களில் சில நூறு பேரை ஜப்பானில் இருக்கும் டொயோத்தா ஆலைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே அவர்கள் கண்ட ஒரு விஷயம் பற்றி எங்கள் உற்பத்தி மேலாண்மைப் பாடத்தில் இன்றும் படிக்கிறோம். வேலை நடக்கும் வரிசைக்கு மேலே ஒரு கயிறு தொங்கும். குறை கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடி வருவார். தீரவில்லை என்றால் வரிசையே நிற்கும். பழைய ஃபிரீமான்டில் வரிசையை நிறுத்துவது மகா குற்றம். குறையோடு கார் போனாலும் பரவாயில்லை, கடைசியில் சரிசெய்துகொள்ளலாம். கயிற்றை இழுத்தவனைத் திட்டாமல் "நன்றி" சொல்லும் மேலாளரை அந்த அமெரிக்கத் தொழிலாளிகள் அதற்கு முன் பார்த்ததில்லை. கொஞ்ச காலத்திலேயே நம்மியில் இருந்து வந்த காரின் தரம் ஜப்பானில் செய்த காருக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

ஆள் மாறவில்லை, நாடு மாறவில்லை. இதே ஆட்களை வைத்துக்கொண்டு 1982-ல் யாராவது "ஜப்பான்காரன் ரத்தத்திலேயே உழைப்பு இருக்கிறது, நம்மாளுக்கு வராது" என்று சொல்லியிருந்தால் எல்லாரும் தலையாட்டியிருப்பார்கள். (நம்ம வீட்டுப் பெரியவர்கள் வேறு இனங்களைப் பற்றி இப்படிப் பேசுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.) ஜெனரல் மோட்டார்ஸ் இந்தப் பாடத்தைத் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோக மிகவும் தாமதித்தது, 2009-ல் திவாலானது. நம்மி 2010-ல் மூடப்பட்டது. இப்போது அதே கட்டடத்தில் டெஸ்லா கார் செய்கிறது.

நமக்குப் பக்கத்தில் உள்ள உதாரணமும் ஒன்று உண்டு. இன்டெல் பிறந்ததே நினைவகச் சிப் செய்யத்தான். 1985-க்குள் ஜப்பானியப் போட்டியில் அந்த வியாபாரம் நஷ்டத்தில் மூழ்கியது. அந்த ஆண்டு நடுவில் ஆண்டி குரோவ், கோர்டன் மூர் இருவரும் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நம்மை வெளியே அனுப்பிவிட்டு வேறு ஒரு தலைமை நிர்வாகியைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று குரோவ் கேட்டார். நினைவகத்தை விட்டு வெளியேறுவார் என்றார் மூர். அப்படியானால் அதை நாமே ஏன் செய்யக்கூடாது என்றார் குரோவ். இந்த உரையாடலை குரோவ் பிறகு புத்தகத்தில் எழுதியிருக்கிறார். இன்டெல் நினைவகத்தை விட்டுவிட்டு நுண்செயலியில் இறங்கியது. சும்மா நடக்கவில்லை; ஆலைகள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள், 1986-ல் 17 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். பினாங்கு பாயான் லெப்பாஸில் 1972 முதல் இன்டெல் இருக்கிறது. அங்கே வேலை செய்த அக்கா, அம்மா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அதே வட்டாரத்தில் ஜப்பானின் ஹிட்டாச்சியும் அதே காலத்தில்தான் வந்தது. அங்கே சண்டை போட்ட இரண்டு பேரும் இங்கே அக்கம்பக்கம்!

சத்தம் போட்டவர்கள்

அளந்தவர்களைவிடச் சத்தம் போட்டவர்கள்தான் செய்தியில் வந்தார்கள். 1987 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் நாடாளுமன்றப் புல்வெளியில் ஒரு தோஷிபா ரேடியோவை சம்மட்டியால் உடைத்தார்கள். தோஷிபாவின் ஒரு துணை நிறுவனம், நீர்மூழ்கிக் கப்பலின் சுழல் விசிறியைச் சத்தமில்லாமல் சுழலும்படி செதுக்கும் இயந்திரத்தை, தடையை மீறி சோவியத் யூனியனுக்கு விற்றிருந்தது. உண்மையான குற்றம்தான். ஆனால் ரேடியோ உடைந்ததால் எந்த நீர்மூழ்கியின் சத்தமும் கூடவில்லை.

அதே ஆண்டு ஜப்பானின் ஃபுஜிட்சு, ஃபேர்சைல்டு என்ற பழம்பெரும் அமெரிக்கச் சிப் நிறுவனத்தை வாங்க முயன்றபோது, பாதுகாப்புக்கு ஆபத்து என்று எதிர்ப்பு கிளம்பி அந்த வியாபாரம் நின்றுபோனது. இதில் வேடிக்கை, ஃபேர்சைல்டு அப்போதே பிரெஞ்சுப் பின்னணி கொண்ட ஷ்லம்பர்ஜே நிறுவனத்தின் கையில் இருந்தது. எந்த வெளிநாட்டுக்காரன் என்பதும் முக்கியம் போல!

1989-ல் சோனி, கொலம்பியா படநிறுவனத்தை வாங்கியது. மிட்சுபிஷி எஸ்டேட், நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் மையத்தில் பெரும்பங்கை வாங்கியது. அமெரிக்காவையே வாங்கிவிடுவான் என்றார்கள். அந்த ஆண்டு கடைசி வர்த்தக நாளில் டோக்கியோ பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு 38,915-ஐத் தொட்டது. அதோடு சரி. அடுத்த ஆண்டே சரிவு, பிறகு பல ஆண்டுத் தேக்கம். மைக்கேல் கிரைட்டன் ஜப்பானிய ஆதிக்கத்தைப் பற்றி எழுதிய பரபரப்பு நாவல் 1992-ல் வந்தபோது, ஜப்பான் ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்தது. இதற்கிடையில் டிராம் சந்தையில் முதலிடத்துக்கு வந்தது யார்? கொரியாவின் சாம்சுங். எல்லாக் கண்ணும் ஜப்பான் மேல் இருந்தபோது பக்கத்து வாசல் வழியாக நுழைந்துவிட்டது.

1982, மலேசியா

வின்சென்ட் சின் கொல்லப்பட்ட அதே 1982-ல் மலேசியா என்ன செய்தது? அப்போதைய பிரதமர் மகாதீர் 'கிழக்கை நோக்கும் கொள்கை'யை அறிவித்தார். மாணவர்களையும் பயிற்சியாளர்களையும் ஜப்பானுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். 1983-ல் மிட்சுபிஷியோடு சேர்ந்து புரோட்டோன், 1985-ல் முதல் சாகா கார்.

இதன் கனம் புரிய வேண்டுமென்றால் நம்ம தாத்தா, கொள்ளுத்தாத்தா கதையைத் தெரிந்திருக்க வேண்டும். 1942, 43-ல் சயாம் மரண ரயில் பாதைக்கு ஜப்பானிய ராணுவம் இழுத்துச் சென்றவர்களில் நம் தோட்டப்புறத் தமிழர்கள் ஏராளம். 415 கிலோமீட்டர் பாதை. காலராவிலும் பசியிலும் அடியிலும் ஆசியத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். ஜப்பானைப் பார்த்துப் பயப்பட டெட்ராய்ட்காரனைவிட நமக்குக் காரணம் அதிகம். அதற்குள் 40 ஆண்டுதான் ஆகியிருந்தது. ரயில் பாதையிலிருந்து திரும்பியவர்கள் இன்னும் உயிரோடு இருந்தார்கள். அந்த நாட்டுக்கு நம் பிள்ளைகளைப் படிக்க அனுப்புவது சின்ன முடிவு இல்லை.

கிழக்கை நோக்கியது முழு வெற்றி என்று நான் சொல்லவில்லை. யென்னில் வாங்கிய கடன், 1985-க்குப் பிறகு யென் மதிப்பு ஏறியதும் கழுத்தை நெரித்தது. ஒரு டாலருக்கு 240 யென்னாக இருந்தது 1987 முடிவில் ஏறக்குறைய 120 ஆனது. சொந்தமாக இயந்திரம் வடிவமைக்கும் திறமை நினைத்த வேகத்தில் வரவில்லை. மரண ரயிலில் மாண்டவர்களுக்கு உரிய நினைவும் நியாயமும் கிடைத்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. படிக்கப் போவதற்காக மறந்துவிட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லையே. என் கருத்தில் இரண்டையும் சேர்த்தே செய்திருக்கலாம்.

இன்று அந்த இடத்தில் சீனா இருக்கிறது. புரோட்டோனில் 2017 முதல் 49.9 விழுக்காடு சீனாவின் கீலியிடம் இருக்கிறது. சாலையில் சீன மின்சாரக் கார்கள் ஓடுகின்றன. நான் தொழிற்பயிற்சி செய்த ஒரு தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரப் பேச்சே இதுதான். "அவனுங்க வந்துட்டா நம்ம கதை முடிஞ்சுது" என்பார் ஒரு அண்ணன். அவருக்கு இரண்டு பிள்ளைகள், அவருடைய பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்த 'அவனுங்க' என்ற சொல் எங்கே போகிறது என்று கவனித்தேன். வாக்கியம் தொடங்கும்போது ஷென்சென். முடியும்போது எங்கள் பிரிவிலேயே வேலை செய்யும் ஈப்போ பையன். அவன் சீனாவுக்கு ஒரு முறைகூடப் போனதில்லை. அவனும் அதே வேலையை நம்பித்தான் இருக்கிறான், வின்சென்ட் சின் மாதிரி.

இதில் நமக்கு இன்னொரு பங்கும் உண்டு. இந்தியாவும் வளர்கிறது. நாளைக்கு யாராவது அதைக் கண்டு பயந்தால், அந்தக் கோபத்தோடு டெல்லிக்கு விமானம் ஏறுவார்களா? தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் உங்களையும் என்னையும் பார்ப்பார்களா?

அடுத்த வகுப்புக்கு வரும்போது இரண்டு வேலை. முதலாவது, நீங்கள் படிக்கிற அல்லது வேலை செய்கிற துறையில் சீன நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பொருளையும் நம்மூர்ப் பொருளையும் பக்கத்தில் வைத்து அளக்கக்கூடிய ஓர் எண்ணைக் கண்டுபிடித்து எழுதி வாருங்கள். விலை வேண்டாம், விலை எல்லாருக்கும் தெரியும். பழுதாகும் விகிதம், பழுதுபார்க்க ஆகும் நாள், பயிற்சிக்குச் செலவிடும் மணி நேரம், எதுவானாலும் சரி. இரண்டாவது, ஒரு வாரம் வீட்டிலும் வாட்சாப் குழுவிலும் 'அவனுங்க' என்ற சொல் வரும்போதெல்லாம் யாரைச் சொல்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். பெயர் வேண்டாம், எத்தனை முறை நாட்டைச் சொன்னார்கள், எத்தனை முறை பக்கத்து வீட்டைச் சொன்னார்கள் என்ற கணக்கு போதும்.